சரளைக் குழிக்குக் கீழே ஒரு கிணறு

இன்று காலை கடையைத் திறந்தபோது பிளீச்சிங் பவுடர் வாடை ஆளைத் தள்ளியது. நேற்று ரேணிகுண்டாவிலிருந்து வந்து இறங்கிய பீப்பாய்களில் ஒன்றின் மூடி வழியில் நெகிழ்ந்துவிட்டிருந்தது. பஞ்சாயத்துக்கு இப்போது அதையும் நான்தான் கொடுக்கிறேன். புளி, பிண்ணாக்கு, சாக்கு, கயிறு, அவற்றுக்குப் பக்கத்தில் கிணற்றில் போடுகிற மருந்து. விற்கிறவனுக்கு எல்லாம் சரக்குதான். ஆனால் இந்தச் சரக்கின் வாடை மூக்கில் ஏறினால் மட்டும் என் கால்கள் என்னைக் கேட்காமல் பின்வாங்கும். கடையில் எடை போடும் சின்னசாமி, "மூடிதாண்ணா, ஒரு குத்து குத்துனா சரியாப் பூடும்" என்றான். குத்தினான், சரியாகவும் போயிற்று. நான் உள்ளே போகவில்லை. வெயில் ஏறும்வரை வாசலிலேயே நின்று வியாபாரம் செய்தேன்.

நீ போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. இப்படி நான் வாசலில் நிற்கும் நாட்களில் நீ வண்டியை நிறுத்தி, "இன்னாடா மொதலாளி, உள்ள எதுனா பேய் கீதா?" என்று கேட்பாய். நான் ஏதாவது சொல்லிச் சிரித்துவிடுவேன். பேய் என்ன என்று உன் முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் எனக்குக் கடைசிவரை வரவில்லை. உனக்குப் படிக்கவும் தெரியாது. ஆகவே இப்போது எழுதுவது எனக்கு இரட்டிப்பு வசதி. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நம்மைச் சேர்த்துவைத்தது நகரி வேர்க்கடலை மண்டி. எனக்கு ஊரில் அப்பன் கடனில் தோற்ற நிலம் இருந்தது. உனக்குத் தோற்பதற்குக்கூட நிலம் இருந்ததில்லை. மூட்டை தூக்குகிற இடத்தில் அந்த வித்தியாசம் தெரியாது. மண்டிக்கு வெளியே தெரியும். டீக்கடையில் உனக்கென்று ஒரு தம்ளர் தனியாகத் தொங்கிற்று. நான் அதைப் பார்த்துக்கொண்டே என் தம்ளரில் குடித்தேன். நீ அதை ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. நான் ஒரு பழைய தராசு வாங்கிச் சொந்தமாக உட்கார்ந்த நாளிலிருந்து என்னை மொதலாளி என்று கூப்பிட ஆரம்பித்தாய். பாதி கேலி, பாதி பெருமை. எந்தப் பாதி எப்போது வரும் என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

பிறகு நான் நம் ஊர் வியாழக்கிழமைச் சந்தையைக் குத்தகைக்கு எடுத்தேன். நீ பஞ்சாயத்துக் குப்பை வண்டிகளுக்கு மேஸ்திரி ஆனாய். சந்தை முடிந்தால் கிடக்கும் அழுகல், இலை, சாணம், ஆட்டுக் குடல் எல்லாவற்றையும் அள்ளிக் கொண்டுபோக வேண்டியது குத்தகைக்காரன் பொறுப்பு. அள்ளுகிற வண்டி உன்னுடையது. தெருக்குப்பையும், எடுப்புக் கக்கூஸ் வாளிகளும் அதே வண்டிகளில்தான் போகும். எல்லாம் ஏரிக்கரைக்கு அப்பால், ஊரிலிருந்து இரண்டு மைல் தள்ளி நீ வெட்டி வைத்திருந்த எருக்குழிகளுக்குப் போகும்.

அந்தக் குழிகளை நீ வைத்திருந்த விதத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒரு முழம் குப்பை, அதன்மேல் வாளிச் சரக்கு, அதன்மேல் சாம்பல், நாலு விரல் கனத்துக்கு மண். மறுபடி குப்பை. குழி நிறைந்ததும் மேலே மண்ணால் மெழுகி ஆறு மாதம் தொடமாட்டாய். திறக்கும்போது கறுப்பாக, உதிரியாக, மழை பெய்த மண் வாடையோடு வரும். கரும்புக்காரர்கள் போட்டி போட்டு ஏற்றிக்கொண்டு போவார்கள். ஒருமுறை நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றபோது சொன்னாய்: "மண்ணு போட்டா எருடா. போடலன்னா பீ. அவ்ளோதான் கத."

அவ்வளவுதான் கதை. அதை நீ சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அதனால் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்த பிறகு வந்த வருடங்களை நினைத்துப் பார். எந்த ஊர் எந்தப் பக்கம் என்று ஒருவருக்கும் தெரியாது. சுவருக்குச் சுவர் தாரில் எழுதியிருந்தது. ஒரு சுவர் மெட்ராஸ் என்றது, எதிர்ச்சுவர் ஆந்திரா என்றது. சர்வேக்காரர்கள் சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்து போனார்கள். அவர்களுக்கு மோர் கொடுத்து வாயைப் பிடுங்கியவர்கள் ஆளுக்கொரு கோடு போட்டுக்கொண்டார்கள். நம் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் நடுவில் மேட்டின்மேல் ரோட்டுக்குச் சரளை தோண்டிய பெரிய குழி இருந்ததே, அந்தக் குழியோடு மெட்ராஸ் ராஜ்யம் ஆரம்பம், குழிக்கு இந்தப் பக்கம் ஆந்திரா என்று நம் ஊரில் முடிவே கட்டிவிட்டார்கள்.

பஞ்சாயத்தில் யோசனையைச் சொன்னவன் நான்தான். இரண்டு மைல் போய்த் திரும்புகிற நேரத்தில் வண்டி நாலு நடை அடிக்கலாம். சரளைக் குழி பக்கத்தில் இருக்கிறது. எப்படியும் நாளைக்கு அது அடுத்தவன் ராஜ்யம். "நம்ம குப்பைய மெட்ராஸ்காரன் வாரிக்கட்டும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் தொடையில் தட்டிச் சிரித்தார். சிரிப்பிலேயே தீர்மானம் ஆயிற்று. எருக்குழி வேலையும், மண் போடுகிற ஆட்களின் கூலியும் அன்றோடு நின்றன.

நீ சாயங்காலம் கடைக்கு வந்தாய்.

"அங்க சரளடா. மண்ணே கெடையாது. இன்னாத்தப் போட்டு மூடுவேன்?"

"மூட வேணாம். கோடு போட்டாங்கன்னா அவனுங்க தலவலி."

"அதுக்குக் கீழ எங்க தெரு கீது. கெணறு கீது."

"ரெண்டு மாசம்டா."

"கோடு மேல போவும். தண்ணி எங்க போவும்?" என்றாய். நான் ஒரு வெல்லத் துண்டை எடுத்து உன் கையில் வைத்தேன். நீ சிரித்துவிட்டுப் போய்விட்டாய். உன்னை அடக்க எனக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

இரண்டு மாதம் ஒன்றரை வருடம் ஆயிற்று. இதில் வேடிக்கை என்னவென்றால், பக்கத்து ஊர்க்காரர்களும் அதே குழியில் கொட்ட ஆரம்பித்தார்கள். குழி ஆந்திராவோடு நின்றுவிடும் என்று அவர்களுக்கு யாரோ சர்வேக்காரன் சொல்லியிருந்தான். இரண்டு ஊர் வண்டிகளும் விடியற்காலை அங்கே சந்திப்பதை நீ வந்து நடித்துக் காட்டினாய்: "அவன் நம்மளப் பாத்து சிரிக்கறான். நம்மாளு அவனப் பாத்து சிரிக்கறான். மாடு ரெண்டும் மூஞ்சத் திருப்பிக்கினு நிக்குது." நாம் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

கன்னியம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள். உன் மனைவி அதிகம் பேசமாட்டாள். ஒரு சந்தை நாளில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "கெணத்துத் தண்ணில சோறு ஆக்குனா சாயங்காலமே நூலு வுடுதுண்ணா." வெயில் காலம், அப்படித்தான் இருக்கும் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கத்தரிக்காயைப் பார்த்தாள்.

ஆவணி மாதத்தில் சித்தூரிலிருந்து அந்த ஹெல்த் இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். இளவயதுக்காரர். குழியைப் பார்த்தார், மூக்கைக்கூட மூடவில்லை. நேரே இறங்கி உங்கள் கீழ்த்தெருக் கிணற்றுக்கு வந்து ஒரு வாளி இறைக்கச் சொன்னார். முகர்ந்தார். வாளியைக் கவிழ்த்தார். "ஈ நீள்ளு எவரூ தாகொத்து" என்றார். யாரும் குடிக்காதீர்கள் என்று அவருக்குத் தெரிந்த தமிழில் இன்னொரு தடவையும் சொன்னார். பக்கத்து ஜில்லாவில் காலரா கிளம்பியிருக்கிறது. தெரு முழுவதும் வெள்ளிக்கிழமை புத்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். பத்து நாளுக்குள் குழியை மண் போட்டு மூடாவிட்டால் சந்தையை நிறுத்தச் சொல்லி எழுதுவேன். அவர் பேசியதெல்லாம் இவ்வளவுதான். ஒரு வார்த்தை அதிகமில்லை.

என் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும். சந்தை போனால் நான் மறுபடி மண்டியில் மூட்டை தூக்க வேண்டியவன். அந்தப் பயத்தில் அன்று மாலையே டீக்கடையில் உட்கார்ந்து ஒரு பேச்சைக் கிளப்பினேன். நாம் மெட்ராஸ் பக்கம் போகவேண்டும் என்று மனுக் கொடுத்தோம் அல்லவா, அதற்குத்தான் ஆந்திராக்காரன் பூச்சாண்டி காட்டுகிறான் என்றேன். அந்த நேரத்தில் அதைவிட நன்றாக விலைபோகும் சரக்கு வேறில்லை. மறுநாள் அது என்னிடமே திரும்பி வந்தது. சொன்னவன் நீ.

"ஊசி போட்டா ஜுரம் வரும், ரெண்டு நாள் கூலி பூடும்னு தெருவுல சொல்லிக்கினு கீறாங்க. அந்தாளு வேணும்னே பயம் காட்டறான்னும் சொல்றாங்க. நீ இன்னா சொல்ற?"

"பஞ்சாயத்து கூடட்டும், சொல்றேன்" என்றேன்.

இடையில் நான் வில்வண்டி கட்டிக் குடும்பத்தோடு திருப்பதி போய்வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். மகளுக்கு முடி இறக்கும் வேண்டுதல். உனக்கு லட்டு கொண்டுவந்து கொடுத்தேன். கொண்டுவராமல் விட்ட சேதி ஒன்று இருந்தது. திருவிழா நெருங்கும் சமயம் என்பதால் மலையடிவாரத்திலேயே எங்களை வரிசையில் நிறுத்திக் காலரா ஊசி போட்டார்கள். போட்டுச் சீட்டுக் கொடுத்தால்தான் மேலே ஏற விட்டார்கள். ஊசி போட்ட கம்பவுண்டர் பஞ்சால் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "ஆறு மாசத்துக்கு பயம் லேது, சாமி." அந்த இடத்தில், கையைத் தேய்த்துக்கொண்டு நிற்கும்போதே, பஞ்சாயத்தில் என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மலை ஏறிக் கும்பிட்டபோதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பஞ்சாயத்து கிணற்றடியிலேயே கூடியது. தெரு முழுவதும் நின்றது. கன்னியம்மா உங்கள் மகள் தனத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் நின்றாள். நான் முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன். ஊசி போட்ட இடம் எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கி நெருப்பாகக் கொதித்தது. "தண்ணி கெட்டுப்போச்சுன்னு எவன் சொன்னான்? நான் குடிக்கிறேன், பாருங்க" என்று உன்னையே இறைக்கச் சொன்னேன். நீ இறைத்தாய். சொம்பில் ஊற்றினாய். ஒரு கணம் நிறுத்தி, தாழ்ந்த குரலில், "வேணாம்டா" என்றாய். எனக்கு மட்டும் கேட்டது.

நான் அண்ணாந்து முழுச் சொம்பையும் குடித்தேன். தண்ணீரில் வாடை என்று சொல்ல ஒன்றுமில்லை. லேசான கொழகொழப்பு மட்டும், கஞ்சித் தெளிவு போல. தொண்டையில் இறங்கும்போது கம்பவுண்டர் சொன்னது மறந்துபோயிற்று. குழி மட்டும் கண்ணில் நின்றது.

கூட்டம் கைதட்டியது. நீ என் தோளுக்குக் கீழே, சரியாக அந்த வீக்கத்தின்மேல், ஓங்கி ஒன்று வைத்தாய். "எங்க தெருத் தண்ணியக் குடிச்ச மொத மொதலாளி இவன்தான்டா!" வலியில் உயிர் போய்விட்டது. நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்து, "இன்னாடா?" என்றாய். மூட்டை தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்றேன். அப்போது உன் கண்ணில் இருந்ததைச் சொல்கிறேன். டீக்கடைத் தம்ளரையெல்லாம் நான் அந்த ஒரு சொம்பில் கழுவிவிட்டதாக நீ நினைத்தாய். நீ கைதட்டியது தண்ணீருக்காக இல்லை.

வெள்ளிக்கிழமை உன் தெருவிலிருந்து ஒருவரும் புத்தூருக்குப் போகவில்லை.

நானோ வீட்டுக்குப் போன உடனே கொல்லையில் உப்புத்தண்ணீர் குடித்து விரலை விட்டு வாந்தி எடுத்தேன். குடல் வெளியே வருமளவு எடுத்தேன். அப்புறமும் நம்பிக்கை இல்லை. ஐந்து நாள், அதற்குமேல் தாண்டினால் பிழைத்தாய் என்று திருப்பதி வரிசையில் யாரோ சொன்னது காதிலேயே இருந்தது. முதல் நாள் வயிறு லேசாக இரைந்தது. சோற்றைத் தள்ளிவைத்தேன். இரண்டாம் நாள் கால் விரல் மரத்ததுபோல் இருந்தது, கிள்ளிக் கிள்ளிப் பார்த்தேன். மகளைப் பக்கத்தில் விடவில்லை. மனைவி என்னவென்று கேட்டதற்கு அவளிடம் எரிந்து விழுந்தேன். மூன்றாம் நாள் நீ கடைக்கு வந்து, "தெருவுல எல்லாரும் உன் பேரத்தான் சொல்லிக்கினு கீறாங்க. மொதலாளியே குடிச்சாரு, கல்லு மாதிரி கீறாரு, நமக்கின்னான்னு" என்றாய். அப்போது சொல்லியிருக்கலாம். ஊசி போட்டுக்கொண்டு குடித்தேன், நீங்களும் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். நீ கடலை எடுத்துத் தின்றபடி எதிரிலேயே உட்கார்ந்திருந்தாய். எனக்கு என் வயிற்றைப் பற்றிய பயமே பெரிதாக இருந்தது. அந்தப் பயத்தில் உன் தெரு என் கண்ணில் படவில்லை.

ஐந்து நாள் தாண்டியது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்ஸ்பெக்டர் வைத்த பத்து நாள் கெடுவும் தாண்டியது, சந்தையை நிறுத்தச் சொல்லி எந்த உத்தரவும் வரவில்லை.

ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. குழி நிரம்பி வழிந்ததை நானும் போய்ப் பார்த்தேன். இலைகள், கந்தல், கோழி இறகு எல்லாம் மேட்டிலிருந்து நுரையோடு இறங்கி வந்துகொண்டிருந்தன. நாலாம் நாள் வெயில் அடித்தது. அன்று கீழ்த்தெருவில் இரண்டு வீட்டில் பேதி என்றார்கள். மறுநாள் ஏழு வீடு. அதற்கடுத்த நாள் காலை உன் தம்பி ஓடிவந்து, "அண்ணிக்கு ஆயிடுச்சு, வண்டி வேணும்ணா" என்றான்.

நான் வில்வண்டியைப் பூட்டச் சொல்லி நானும் கூடவே வந்தேன். வந்தேன், ஆனால் தெருமுனைக் கால்வாய்க்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். ஊசி போட்டவன் நான். என்னைவிடப் பயமில்லாமல் அந்தத் தெருவில் நுழையத் தகுந்தவன் ஊரிலேயே கிடையாது. என் கால் நகரவில்லை. நீ அவளைக் கைகளில் தூக்கிக்கொண்டு வந்தாய். நேற்றுப் பார்த்த பெண் இல்லை. கண் இரண்டும் குழிந்து, விரல்களெல்லாம் துவைத்துப் பிழிந்த துணிபோலச் சுருங்கி, பத்து வயது கூடிய உருவம். உதடு அசைந்தது. தண்ணீர் கேட்டாள். நீ என்னைப் பார்த்து, "புடிடா, கால் பக்கம் புடி" என்று கத்தினாய். நான் பிடிக்கவில்லை. வண்டிக்காரன்தான் பிடித்தான். அந்த அவசரத்தில் நீ அதைக் கவனித்தாயா என்று எனக்குத் தெரியாது.

புத்தூர் ரயில்வே கேட் மூடியிருந்ததாம். கூட்ஸ் வண்டி போகும்வரை நின்றீர்களாம். கேட் திறந்தபோது அவளிடம் அசைவில்லை. பொழுது சாய்வதற்குள் வண்டி திரும்பி வந்துவிட்டது.

அந்த வாரத்தில் உன் தெருவில் எத்தனை பேர் போனார்கள் என்று உனக்குத் தெரியும். நான் எழுதப்போவதில்லை. அந்த இன்ஸ்பெக்டர் ஆட்களோடு வந்தார். துணிகளை எரித்தார்கள், கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார்கள், தெருவெங்கும் சுண்ணாம்பு. அவர் என்னைத் தாண்டிப் போகும்போது சைக்கிளை நிறுத்தி ஏதோ கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. ஏறிப் போய்விட்டார்.

நான் உன்னிடம் வர நான்கு நாள் ஆயிற்று. நீ குழிமேட்டில் இருந்தாய். யாரும் சொல்லாமலே ஏரி மண்ணை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து சரளைக் குழியை மூடிக்கொண்டிருந்தாய். உன் தெரு ஆட்கள் கூட இருந்தார்கள். நான் எதிரில் வந்து நின்றேன். எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். என் முகத்தைப் பார்த்து நீ தப்பாகப் புரிந்துகொண்டாய். மண்வெட்டியை ஊன்றிவிட்டு வந்து என் கையைப் பிடித்தாய்.

"அழாதடா. உன்னால இல்ல. நீயுந்தான குடிச்ச? எல்லார் எதுருலயும் குடிச்ச. உனக்கு ஒண்ணும் ஆவலியே. அவளுக்கு எழுத்து அவ்ளோதான்."

என்னைத் தேற்றினாய். மனைவியைப் புதைத்த நாலாம் நாள், அவளைப் புதைக்க வைத்தவனைத் தேற்றினாய். உன் கையில் குழி மண் ஒட்டியிருந்தது. நான் வாயைத் திறந்தேன். "ஆமாம்" என்றுதான் வந்தது.

அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் எல்லைக் கோடும் வந்தது. திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. பக்கத்து ஊர் மெட்ராஸோடு சேர்ந்தது. கல் நட்டபோது நாமும் போய்ப் பார்த்தோம். கல் குழிக்கு அப்பால் விழுந்தது. குழி நமக்கே. பக்கத்து ஊர்க்காரர்கள் ஒன்றரை வருடம் கொட்டியதும் நமக்கே. நீ கல்லைக் காலால் தட்டிவிட்டு, "எல்லாத்தையும் நமக்கே குட்த்துட்டு போயிட்டானுங்கடா" என்றாய். அன்று நம் ஊரில் யாரும் சிரிக்கவில்லை.

உன் தெருவுக்கு மேற்கே பாறை உள்ள இடத்தில் ஒரு புதுக்கிணறு என் செலவில் வெட்டினேன். ஊர் என்னைப் பெரிய மனுஷன் என்றது. பெயர்ப்பலகை வைக்கலாம் என்றார்கள். நான் வேண்டாம் என்றதற்கு அடக்கம் என்று அதற்கும் ஒரு பெயர் வைத்தார்கள். நீ ஏரிக்கரை எருக்குழிகளைத் திரும்பத் திறந்தாய். வண்டி இரண்டு மைல் போய் வந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சந்தைக் குத்தகையை நான் விட்டேனா என்றால், இல்லை. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு வந்த வருடங்களில் நான் உன்னோடு உட்கார்ந்து பேசிய எந்த நாளும் நிம்மதியாக இல்லை. நீ திருப்பதி என்று வாயெடுத்தால் பயம். ஊசி போடுகிறவர்கள் ஊருக்கு வந்தால் பயம். ஒருமுறை பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அம்மை குத்தினார்கள். நீ சட்டைக் கையை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "உனக்கெதுக்குடா இது, நீதான் இரும்பாச்சே" என்றாய். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். 

போன மாதம் சித்தூர் ஆஸ்பத்திரியில் நெஞ்சுச் சளியோடு நீ மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்தபோது மூன்று நாள் பக்கத்தில் இருந்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் வார்டில் யாரும் இல்லை. "இன்னாவோ சொல்லணும்னு வந்து வந்து முழுங்கற. சொல்லித் தொலடா" என்றாய். சாகப்போகிறவன் மனதை ஏன் கெடுக்க வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். கடைசி நாளிலும் உன் கண்ணில் அந்தப் பழைய பெருமை போய்விடுமே என்றுதான் பயந்தேன். "ஒண்ணுமில்ல, கஞ்சி குடிக்கறியான்னு கேக்க வந்தேன்" என்றேன். நீ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய்.

உன் கருமாதி அன்று தனத்திடம் சொல்லிவிட்டேன். அவளுக்கு இப்போது பிச்சாட்டூரில் வீடு, வாசல், கைக்குழந்தை. சாப்பாட்டுப் பந்தி முடிந்து எல்லோரும் போன பிறகு, எச்சில் இலைகளை ஒரு கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து, குழி யாருடைய யோசனை என்பதிலிருந்து, சொம்பு, ஊசி, வாந்தி, கால்வாய்க்கு இந்தப் பக்கம் நின்றது வரை ஒன்று விடாமல் சொன்னேன். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகத்தான் உட்கார்ந்தேன்.

அவள் இலை அடுக்குவதை நிறுத்தவில்லை. கடைசி இலையையும் வைத்துவிட்டுக் கேட்டாள்:

"ஊசி காசுக்கா போட்டாங்க பெரீப்பா?"

"இல்லம்மா. சும்மாதான் போட்டாங்க."

"வர்றவங்க எல்லாருக்கும்?"

"எல்லாருக்கும்."

கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அந்த நிலையில் அப்படியே கன்னியம்மா.

"திருப்பதி பாக்கணும், ஒரு தடவையாச்சும் பாக்கணும்னு அம்மா சொல்லிக்கினே இருப்பான்னு நைனா சொல்லும். நீங்க போனப்ப வண்டில எடம் இல்லியா?"

அதில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டாள், அவ்வளவுதான்.

"இருந்தது" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

நான், என் மனைவி, மடியில் குழந்தை. பின்பக்கம் வைக்கோல் மெத்தை போட்டு, மேலே ஜமுக்காளம் விரித்து, காலியாக இருந்தது. இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சொம்புத் தண்ணீரை யோசித்துச் செய்தேன். அதற்குக் காரணம் சொல்ல முடியும். இதற்கு ஒரு காரணமும் கிடையாது. நேற்று புத்தூர் போக வண்டி பூட்டினார்கள். ஏறுவதற்கு முன்னால் பின்பக்கம் திரும்பிப் பார்த்தேன். இப்போதெல்லாம் எங்கே கிளம்பினாலும் அப்படிப் பயந்து பயந்து திரும்பிப் பார்க்கிறேன். எப்போது பார்த்தாலும் இடம் இருக்கிறது.